கரமனையில் ஏழு ரவுண்டு

"மஞ்சள் சட்டை போட்ட அண்ணாச்சி, தயவுசெய்து ஜன்னலை விட்டு இறங்கணும்."

இதை மைக்கில் முதலில் மலையாளத்தில் சொன்னார்கள். நான் இறங்கவில்லை. அப்புறம் இங்கிலீஷில் சொன்னார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை நடுவர் தமிழில் சொன்ன பிறகுதான், ஹாலுக்குள் இருந்த நூற்றைம்பது பிள்ளைகளும் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் அப்போது கவிழ்த்துப் போட்ட ஒரு பூந்தொட்டியின் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பத்தொன்பதாம் நம்பர் போர்டில் என் மகள் என்ன ஆடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவசரமாக இறங்கியதில் தொட்டியும் உடைந்தது.

இது நடந்தது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரத்தில், கரமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளை செஸ் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற அப்பா அம்மாக்களுக்காகத்தான் இந்த வலைப்பதிவை எழுதி வருகிறேன். எந்த பஸ், எங்கே சாப்பாடு, எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பும் காகிதத்தில் இருக்காது. இந்தப் பயணத்தைப் பற்றியும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ரேஷ்மாவுக்குப் பதின்மூன்று வயது. ஏழு வயதில் காய் பிடித்தாள். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குப் போட்டிதான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "அப்பா, எனக்குப் போதும்ப்பா. ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாடியும் வயிறு வலிக்குது."

நல்ல அப்பன் என்ன சொல்லியிருப்பான்? "சரி மக்ளே" என்று சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன்? "இன்னும் ஒரே ஒரு போட்டி. கப் கிடைச்சா இன்னும் ஒரு வருஷம் ஆடு. கிடைக்கலேன்னா விட்டிரலாம்." அவள் "டீல்" என்று கை கொடுத்தாள். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்திவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டுற ஆளைப் பாத்திருக்கேன். பிள்ளைக்க வயித்துவலிக்குப் பந்தயம் கட்டுற ஆளை இப்பதான் பாக்கேன்."

அந்த ஒரே ஒரு போட்டிதான் இது.

எங்கள் ஊர் நாகர்கோவில். அங்கிருந்து திருவனந்தபுரம் சாலை வழியாகச் சுமார் 68 கிலோமீட்டர். ரயில் மலிவு, ஆனால் ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டிய நாளில் ரயிலை நம்பினால் முதல் ரவுண்டு போய்விடும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை 5.25க்குக் கேரள அரசு பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 88 ரூபாய். பன்னிரண்டு வயது தாண்டியவர்களுக்கு அரை டிக்கெட் கிடையாது, கண்டக்டரிடம் பிள்ளையைக் குனியச் சொல்லி அவமானப்பட வேண்டாம். நான் பட்டிருக்கிறேன்.

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை. களியக்காவிளை தாண்டியதும் கடைப் போர்டுகளில் எழுத்து மாறும். மற்றபடி அதே ரோடு, அதே குழி, அதே வாழைக்குலை. ரேஷ்மா ஜன்னல் பக்கம் தலை சாய்த்து, தூங்கவும் இல்லாமல் விழிக்கவும் இல்லாமல் வந்தாள். நான் ஒரு காரியத்தில் கெட்டிக்காரன்: எந்த பஸ்ஸிலும் தூங்கிவிடுவேன். பாறசாலையில் கண் மூடியவன் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டில்தான் விழித்தேன். அப்போது மணி 7.45.

இதில் முட்டாள்தனம் என்னவென்றால், நாகர்கோவில் பஸ் கரமனை வழியாகத்தான் தம்பானூருக்குப் போகும். இறங்க வேண்டிய இடத்தைத் தூக்கத்தில் தாண்டி வந்து, மூன்று கிலோமீட்டர் திரும்பிப் போக ஆட்டோ பிடித்தோம். எனக்கு மலையாளம் தெரியும் என்று ஒரு எண்ணம் உண்டு. தமிழ்ச் சொல்லுக்குக் கடைசியில் 'ஆணோ' சேர்ப்பதுதான் அந்த மலையாளம்.

"கரமனை ஸ்கூல்... போகணும்... எத்தனை ரூபாய் ஆணோ?"

டிரைவர் மீட்டரைத் தட்டிவிட்டுத் திரும்பினார். "அண்ணாச்சி, தமிழ்லயே சொல்லுங்க. எனக்குச் சீக்கிரம் புரியும். நம்ம வீடு பாறசாலை."

பின் சீட்டில் ரேஷ்மா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதனால் மலையாளம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. "பஸ் கரமனை வழியாத்தானே வந்நது, அங்ஙனயே எறங்கியிருக்கலாமே" என்று டிரைவர் கேட்டார். "தூங்கிட்டாரு" என்று என் மகளே எனக்குப் பதிலாகச் சொன்னாள். மீட்டரில் 54 ரூபாய். அறுபது கொடுத்தேன், ஆறு ரூபாய் திருப்பித் தந்தார். நம் பக்கத்து ஆட்டோக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மீட்டர் என்பது ஆட்டோவில் முன்பக்கம் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான் என்று தெரிந்துகொள்ளவும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்ன ஓட்டல். இரண்டு ஆப்பம், ஒரு புட்டு, கடலைக்கறி, இரண்டு டீ: 115 ரூபாய். புட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது நேரம் இருக்கிறவனின் சாப்பாடு. கறி கொஞ்சம் குறைந்தாலும் தொண்டையில் நின்று கணக்குக் கேட்கும். ஆப்பம் அப்படி இல்லை, யாரோடும் ஒத்துப்போகிற பிள்ளை. ரேஷ்மா ஆப்பத்தை ஓரத்தில் கிள்ளிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "வயிறு" என்று ஒரே ஒரு சொல். அவளுடையதையும் நானே சாப்பிட்டேன். ஒவ்வொரு போட்டியிலும் இப்படித்தான். ஆறு வருஷத்தில் அவள் ரேட்டிங் ஏறினதை விட என் எடை அதிகம் ஏறியிருக்கிறது.

9.30க்கு முதல் ரவுண்டு என்று போட்டிருந்தார்கள். விளக்கேற்றித் தொடங்கி வைக்க வேண்டியவர் வந்து சேரவே பத்தேகால் ஆனது, 10.25க்குத்தான் முதல் காய் நகர்ந்தது. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து வினாடி கூடுதல், மொத்தம் ஏழு ரவுண்டு. நுழைவுக் கட்டணம் 600. பெற்றோருக்கு ஹாலுக்குள் அனுமதி கிடையாது. எங்களுக்கு வராந்தா. நாற்காலி கிடையாது, பேப்பர் விரித்து உட்கார வேண்டியதுதான்.

செஸ் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கேரம் போர்டில் காய் குழியில் விழுந்தால் ஒரு சத்தம் கேட்கும், நாலு பேர் கத்துவார்கள். கபடியில் விழுந்தால் முட்டி உரியும், உரிந்தது தெரியும். செஸ்ஸில் ஒன்றும் கேட்காது. அரை மணி நேரம் கதவு மூடியிருக்கும். திறக்கும்போது சில பிள்ளைகள் ஓடி வரும், சில பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு வரும். அந்த அரை மணி நேரம் வராந்தாவில் இருக்கிற அப்பாக்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பார்க்கலாம் அந்த முகத்தை.

முதல் ரவுண்டு ரேஷ்மா ஜெயித்தாள். இரண்டாவது ரவுண்டில்தான் நான் பூந்தொட்டியில் ஏறியது.

நான் இறங்கி, உடைந்த தொட்டியின் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து கூடவே குனிந்து பொறுக்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு பேனா. "அடி ஒண்ணும் படலையே? சாரமில்லை, பரவாயில்லை, விடுங்கோ. போன வருஷம் நான் அந்த ஏ.சி. பெட்டி மேல ஏறினேன் கேட்டேளா. நீங்க தொட்டியோட விட்டேள்."

அவர் பெயர் மகாதேவன். கிழக்கேகோட்டைப் பக்கத்து அக்ரகாரத் தெருவில் வீடு, ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவரோடு நாலாவது தலைமுறையாம். அவர் மகள் கௌரிக்கும் பதின்மூன்று வயது, ரேஷ்மா ஆடுகிற அதே பிரிவு. தொட்டியை ஓரமாகக் குவித்துவிட்டு நாங்கள் அதன் பக்கத்திலேயே பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். வாட்ச்மேன் வந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகாதேவன் சார் அவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னதும் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"நாகர்கோவில்காரர், வெயிட் ஜாஸ்தின்னு சொன்னேன்."

ரேஷ்மா வெளியே வந்தாள். தோற்றிருந்தாள். "எதுக்குப்பா ஏறினீங்க?" என்றாள். அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தோற்றது என்னால்தான் என்று எனக்கு ஒரே உறுத்தல். கூடவே ஒரு சின்னச் சந்தேகமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். தோற்றால் அவளுக்கு விடுதலை. ஒருவேளை வேண்டுமென்றே தோற்கிறாளோ?

மூன்றாவதும் நாலாவதும் ஜெயித்து அந்தச் சந்தேகத்துக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

1.40க்குச் சாப்பாட்டு இடைவேளை. மகாதேவன் சாரும் கௌரியும் வீட்டிலிருந்து தயிர் சாதம் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிவந்து அவர்களோடு உட்கார்ந்தோம். பார்சல் 90 ரூபாய்: தடித்த சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சாம்பார், அவியல், பப்படம். இந்த அரிசியைக் கண்டு மிரள்கிற நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இது மெல்லுவதற்கான சோறு. அவசரமாக விழுங்கினால் கடைசி ரவுண்டு வரை வயிற்றில் கல் மாதிரி கிடக்கும். மெஸ்ஸில் கொடுக்கிற இளஞ்சிவப்புத் தண்ணீரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான்.

அவியலை வைத்து எங்களுக்குள் சின்னச் சண்டை வந்தது. அதில் தயிரா, புளியா, மாங்காயா என்று. "மாங்காய் இருக்கறப்போ எதுக்கு ஓய் தயிர்?" என்றார் அவர். நான் தயிர்க் கட்சி. கௌரி நிமிர்ந்து பார்க்காமலேயே, "அப்பா, அவியல் பேசினா ரவுண்டு அஞ்சு ஆரம்பிச்சுடும்" என்றாள். பக்கத்திலிருந்த இன்னொரு பெண்ணிடம் அதே மூச்சில் மலையாளத்துக்குத் தாவினாள். ரேஷ்மாவும் அவர்களோடு சேர்ந்து ஏதோ மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. என்னுடைய 'ஆணோ' ஒன்றுகூட அதில் இல்லை.

"ஆத்துல தமிழ்தான் பேசணும்னு ரூல் போட்டிருக்கேன்" என்றார் மகாதேவன் சார், குரலைத் தாழ்த்தி. "ரூல்படிதான் நடக்கறா. ஆனா முந்தாநாள் தூக்கத்துல பேசினா கேட்டேளா, முழுக்க மலையாளம். எழுப்பித் திட்டவா முடியும்?"

எனக்குப் படிப்பு கம்மி. பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவன். அதனால் மொழி விஷயத்தில் பெரிய கருத்து கிடையாது. பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை. ஒரு துளி கூடினால் வேறு கலர் ஆகிவிடும், அதைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் அதுவும் ஒரு கலர்தான், அதற்கும் வாங்க ஆள் வரும். அவரிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கென்ன, சொல்லுவேள்" என்று கடைசிக் கவளத்தை வாயில் போட்டார்.

ஐந்தாவது ரவுண்டு டிரா. ஆறாவது வெற்றி. மணி 4.40. ஆறு ரவுண்டு முடிவில் ரேஷ்மா நாலரைப் பாயிண்ட். கௌரியும் நாலரை. கடைசி ரவுண்டுக்கு யார் யாரோடு என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். ஈ மொய்த்த மாதிரி கூட்டம். அதற்குள் தலையை விட்டு மகாதேவன் சார் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது.

"நம்ம ரெண்டு குட்டிகளும்தான். ஒருத்திக்கொருத்தி."

செஸ் அப்பாக்களுக்கு இதற்குப் பிறகு என்ன வரும் என்று தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினாலு வயதுக்குட்பட்ட பெண்களில் முதல் ஐந்து பேருக்குக் கப். மகாதேவன் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தயிர் சாதம் கட்டிவந்த காகிதத்தின் பின்னால் மளமளவென்று போட்டுக் காட்டினார். டிரா ஆனால் இரண்டு பேருக்கும் ஐந்து பாயிண்ட், இரண்டு பேரும் ஐந்துக்குள். ஒருத்தி தோற்றால் அவள் வெளியே. "பத்து மூவ் ஆடட்டும். கை குடுத்துட்டு எழுந்து வரட்டும். ரெண்டு ஆத்துக்கும் கப். எதுக்கு ஒருத்தி அழுதுண்டு வரணும்? எல்லாரும் பண்றதுதானே சார்."

எல்லாரும் செய்வதுதான். நானும் வேறு அப்பாக்கள் இப்படிப் பேசி வைத்துக்கொள்வதைப் பார்த்து முகம் சுளித்தவன்தான். அன்றைக்குச் சுளிக்கவில்லை. கப், அதாவது இன்னும் ஒரு வருஷம், பத்தே நகர்த்தலில். "சரி சார்" என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ரேஷ்மா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

"மக்ளே, இந்த ரவுண்டு டிரா பண்ணிரு. பத்து மூவ் ஆடிட்டு. அந்தப் பிள்ளைகிட்ட அவங்க அப்பா சொல்லிருவாரு."

அவள் முகத்தைத் துடைக்காமலே கேட்டாள். "அப்போ எனக்கும் கப் கிடைக்கும்?"

"கிடைக்கும். சார் கணக்குப் போட்டுப் பாத்துட்டாரு."

"கிடைச்சா இன்னும் ஒரு வருஷம்."

"ஆமா."

பாட்டிலை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டீலில் கை கொடுத்தது நாங்கள் இரண்டு பேர். ஆட்டத்தைப் பேசி முடித்தது நான் ஒருவன். அது எனக்கு அவள் முதுகைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள் என்று நானும் மகாதேவன் சாரும் கதவுக்கு நேராக நின்றோம். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. மற்ற போர்டுகளில் ஆடினவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். "என்ன சார், மறந்துட்டாளா?" என்றார். அரை மணி. நாற்பது நிமிஷம். உள்ளே இரண்டு மூன்று போர்டுதான் பாக்கி என்று வெளியே வந்த ஒரு பிள்ளை சொன்னது. ஜன்னல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்த மட்டும் புத்தி வந்திருந்தது. மகாதேவன் சார் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

முதலில் கௌரி வந்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகம். அப்பாவிடம் போய், "ஜெயிச்சுட்டேன்" என்றாள். "நான் டிரா கேட்டேன்ப்பா. ரெண்டு தடவை கேட்டேன். அவ வேண்டாம்னு தலையாட்டிட்டா."

மகாதேவன் சார் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ரேஷ்மா வந்தபோது தரையைப் பார்க்கவில்லை. நேராக வந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"வேணும்னே தோத்தியா மக்ளே?" கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன்.

"வேணும்னு தோக்குறதுன்னா பத்தே நிமிஷத்துல தோத்துட்டு வந்திருப்பேம்லா? நாப்பது நிமிஷம் ஆடிருக்கேன்." "குதிரையைத் தப்பா வச்சேன். அவ்வளவுதான்."

"ஜெயிச்சிருந்தா?"

"ஜெயிச்சிருந்தா ஒரு வருஷம் ஆடிருப்பேன். டீல்னா டீலு." அப்புறம் சொன்னாள்: "கடைசி ஆட்டம்லா. அதைப் போயி யாராவது பேசி வச்சு முடிப்பாங்களாப்பா?"

மகாதேவன் சார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நன்னா ஆடியிருக்கே குட்டி" என்றார். அப்புறம் என்னிடம், "நம்மதான் சார் மோசமா ஆடிட்டோம்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கௌரிக்கு மூன்றாவது கப் கிடைத்தது. போட்டோ எடுக்கும்போது அவர் முகத்தில் முழுச் சந்தோஷம் வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த போட்டோவில்தான். கௌரி கப்போடு ஓடிவந்து ரேஷ்மாவிடம் அந்தக் குதிரையைப் பற்றி ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் காற்றிலேயே கட்டம் போட்டு விரலால் காய் நகர்த்திக்கொண்டு நின்றார்கள்.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். நேராக பஸ்ஸுக்குப் போகாமல் கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ பிடித்தோம், இரண்டரைக் கிலோமீட்டர், 46 ரூபாய். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற கூட்டம் எப்போதும் போல. ரேஷ்மா ஒரு தேங்காய் வாங்கித் தரச் சொன்னாள். "தோத்ததுக்கா?" என்றேன். "சும்மாதான்" என்றாள். கையை ஓங்கி அவள் எறிந்த எறியில் சில்லு என் சட்டைக்கு வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "மோளே, பிள்ளையார் பாவம்" என்றார்.

அப்புறம் அங்கேயே ஒரு கடையில் போளியும் பால்பாயசமும். போளியைப் பாயசத்தில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். இதை விளக்கிச் சொல்ல எனக்கு எழுத்து போதாது, போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். காலையிலிருந்து ஆப்பத்தைக் கிள்ளி, சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த பெண் மூன்று போளி சாப்பிட்டாள். நாலாவது கேட்டாள். மிச்சம் வைத்தால் சாப்பிடலாம் என்று பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 160 ரூபாய்.

போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து. நாகர்கோவில் பக்கமிருந்து வருகிறவர்கள் கரமனையிலேயே இறங்குங்கள், பாலராமபுரம் தாண்டியதும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். போட்ட நேரத்துக்கு எந்தப் போட்டியும் ஆரம்பிக்காது, ஆனால் நீங்கள் லேட்டாகப் போகிற அன்றைக்குச் சரியாக ஆரம்பிப்பார்கள். விரித்து உட்கார ஒரு பெட்ஷீட், ஒரு பிளாஸ்க், பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டை கொண்டுபோங்கள். மலையாளம் பேச முயற்சிக்க வேண்டாம், தமிழே போதும், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜன்னலில் ஏறாதீர்கள். கடைசி ரவுண்டுக்கு முன்னால் குழாயடிக்குப் போகாதீர்கள். பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொன்னால் வயிறு வலிக்கிறது என்றுதான் அர்த்தம், அதற்கு மேல் டீல் ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு இது தெரிய ஆறு வருஷம் ஆனது. அடுத்தவர்களுக்காவது சீக்கிரம் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

தம்பானூரில் 7.10க்கு பஸ். உட்கார இடம் கிடைத்தது. எனக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, வழக்கமாக இந்நேரம் குறட்டை விட்டிருப்பேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ரேஷ்மா போனில் லூடோ ஆடிக்கொண்டு வந்தாள். தாயக்கட்டை விழுகிற விளையாட்டில் யோசிக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது போல. நெய்யாற்றின்கரை பக்கம் போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இனி ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?"

"நல்லாத் தூங்குவேன்."

"நானும் தூங்குவேன்" என்றாள். "பத்து மணி வரைக்கும்." அந்தப் பத்து மணியை அவள் சொன்ன விதத்திலேயே ஒரு மெத்தை விரிந்தது. அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள், களியக்காவிளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள்.

திங்கள் முதல் சனி வரை கடை அடைக்க ராத்திரி ஒன்பதரை ஆகும். நான் வீடு வந்து சேரும்போது அவள் படுத்திருப்பாள். காலையில் நான் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூட வேன் போயிருக்கும். ஆறு வருஷமாக அவளோடு முழுசாக எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அதுவும் இந்த மாதிரி ஏதாவது ஒரு பஸ்ஸில், ஏதாவது ஒரு வராந்தாவில். விழித்திருந்தபோதே அவளிடம் கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை: நீ ஒண்ணும் ஆட வேண்டாம் மக்ளே, எப்பவாவது ஒரு ஞாயித்துக்கிழமை காலம்பற, எங்கயாவது போற ஒரு பஸ்ல என்கூட ஏறி உக்காந்துக்கிடுவியா?